கோச் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பலாமா?

கோட்டையூர் ஆச்சி:
என் மகளுக்கு 14 வயது, வாலிபால் ஆடுகிறாள். போன வாரம் அவள் போனைப் பார்த்தேன். கிளப்பின் துணைக் கோச் ராத்திரி பதினொன்றரைக்கு "தூங்கலையா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம், "ஷார்ட்ஸ் போட்டு ஒரு போட்டோ அனுப்பு, கால் தசை பார்க்கணும்." அதற்குக் கீழே நாலு மெசேஜ் அழித்திருக்கிறது. அவள் அப்பச்சி சிங்கப்பூரில். கிளப் பொறுப்பாளரிடம் போனால், "பேசி முடிச்சுக்கலாம், பொண்ணு பேர் கெட்டுரும்" என்கிறார். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எந்தக் கோச்சும் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது என்று எல்லா கிளப்பிலும் விதி வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

பள்ளத்தூர் கபடி மாஸ்டர்:
ஆச்சி, அந்த ஆள் செய்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்த விதி எனக்குச் சரிப்படாது. கபடியில் எடைப் பிரிவு உண்டு. "உனக்கு ஒரு கிலோ கூட இருக்குடா" என்று ஒரு பையனிடம் குரூப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல முடியுமா? என் பசங்களில் பாதிப் பேருக்கு அப்பா வெளிநாட்டில், வீட்டில் அப்பத்தாவிடம் பட்டன் போன். முட்டியில் அடிபட்டவனை நான் விசாரிக்காவிட்டால் யார் விசாரிப்பது?

பழைய ரைடர்:
மாஸ்டர், உங்களைப் போல ஒருவர்தான் என்னை ஆளாக்கினார். பத்தாவதில் பெயிலாகி ஆட்டத்தையே விட்டபோது தினமும் கூப்பிட்டுப் பேசினார். ஆனால் அப்போது எங்கள் வீட்டில் லேண்ட்லைன். ஐயா எடுத்து, "உங்க கோச்" என்று குரல் கொடுப்பார். நான் முகப்பில் நின்று பேசுவது வளவு வரைக்கும் கேட்கும். கோச் அக்கறையாகப் பேசியதும் நடந்தது, வீட்டுக்கு அது தெரிந்தும் இருந்தது. இப்போது பிள்ளை போர்வைக்குள் போனோடு இருக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் ஆத்தாவுக்குக்கூடத் தெரியாது.

தேவகோட்டை வக்கீல்:
ஆச்சி, முதலில் அந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நம்பரும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைப் போன் வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டாலே 2012 போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை ஒரு நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் அவருக்கே ஓராண்டு வரை சிறையும் அபராதமும். "பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இங்கே இடமே இல்லை. பிள்ளையின் பெயரை வெளியிடவும் சட்டத்தில் தடை இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

பள்ளத்தூர் கபடி மாஸ்டர்:
சட்டம் சரி. ஆனால் நாளைக்கு நான் "சாப்பிட்டியா" என்று கேட்டதை யாராவது தப்பாக எடுத்துக்கொண்டால்? இருபது வருட உழைப்பு போச்சு. எல்லாவற்றையும் குரூப்பிலேயே பேசச் சொல்கிறீர்களா?

பழைய ரைடர்:
அந்தப் பயத்துக்குத்தான் சொல்கிறேன், பையன், அவன் ஆத்தா, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குரூப். எடை, அடி, சாப்பாடு எல்லாம் அதில் கேளுங்கள். மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பேருக்கும் அதுதான் காவல். வீட்டில் பட்டன் போன்தான் என்றால் அப்பத்தாவுக்கே போன் போடுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:
பெரிய குரூப்பிலும் ஆபத்து இருக்கிறது, மாஸ்டர். எங்கள் கிளப் குரூப்பில் பழைய ஆட்டக்காரர், பணம் கொடுப்பவர், அவருக்குத் தெரிந்தவர் என்று நூறு பேருக்கு மேல். என் மகள் நம்பர் அத்தனை பேருக்கும் தெரியும். பிள்ளைகள் நம்பரை எடுத்துவிட்டுப் பெற்றவர்கள் நம்பரைப் போடுங்கள், அட்மின் மட்டும் அறிவிப்புப் போடுகிற மாதிரி வையுங்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை. பொங்கல் போட்டி வீடியோவில் பெயரும் பள்ளியும் எழுதிப் போட்டதில் முன்பின் தெரியாத இரண்டு பேர் அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள்.

பள்ளத்தூர் கபடி மாஸ்டர்:
சரி, வீடியோவில் இனி ஜெர்சி நம்பர் மட்டும் போடுகிறேன். மூன்று பேர் குரூப்பும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு ஆரம்பிக்கிறேன். ஆனால் வெளியூர்ப் போட்டியில் ஒரு பையனைக் காணவில்லை என்றால் நேராக அவனுக்குத்தான் கூப்பிடுவேன். அதையும் தப்பு என்று எழுதினால் அந்த விதியில் கையெழுத்துப் போட மாட்டேன்.

கோட்டையூர் ஆச்சி:
அப்படிக் கூப்பிட்டால் அன்றைக்கே வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள், எனக்கு அது போதும். 1098-க்குப் பேசிவிட்டேன். நாளைக் காலையில் அண்ணனோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். மகள் ஆட்டத்தை விடமாட்டேன் என்கிறாள், அவளுக்கு வேறு மைதானம் பார்க்க வேண்டும். காரைக்குடிப் பக்கம் பெண் கோச் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.