திடீர்த் தலைவலி: 6 மணி நேரம் கடந்து வருபவரை எப்படி அணுகுகிறீர்கள்?

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களிடம் ஒரு தெளிவு வேண்டி இதை எழுதுகிறேன். தலைவலியுடன் வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தான காரணம் எதுவும் இருப்பதில்லை. காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, 50 வயதுக்குமேல் முதன்முறையாகத் தோன்றும் வலி, கை கால் பலவீனம் போன்றவற்றைக் கண்டால் நானும் தயங்குவதில்லை. என் தயக்கமெல்லாம், ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலியோடு வந்து, பரிசோதனையில் எந்தக் குறையும் தென்படாமல், வலி நிவாரணியிலேயே தேறி, வீட்டுக்குப் போகத் துடிப்பவரைப் பற்றியதுதான். (மருந்துக்கு வலி அடங்கியது என்பது மூளையுறைக்கடியில் இரத்தம் கசியவில்லை என்பதற்குச் சான்றாகாது, இதை நானே ஒருமுறை மறந்திருக்கிறேன்.)

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஸ்கேனை அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் பார்த்து, கசிவு இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் அதையே நம்பலாம். ஆனால் 12 மணி நேரம் கழித்து வருபவருக்கு, ஸ்கேன் சரியாக இருந்தாலும், முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீரைச் சோதிக்கிறீர்களா, அல்லது மூளையின் இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கிறீர்களா? பின்னதில், வலிக்குத் தொடர்பே இல்லாத சிறு இரத்தக்குழாய் வீக்கம் தற்செயலாகத் தென்பட்டுப் புதிய குழப்பத்தைக் கிளப்புவதும் உண்டு. ஊசிக்கு நோயாளி மறுத்தால் அவருக்கு என்ன சொல்லி விளக்குகிறீர்கள், அதைக் கோப்பில் எப்படிப் பதிகிறீர்கள் என்பதையும் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.