புதுப்பிப்பு: மும்பையில் கேட்வே, மரைன் டிரைவ் தாண்டி என்ன பார்த்தேன்

கேட்வே ஆஃப் இந்தியா, மரைன் டிரைவ் கடற்கரைச் சாலை தவிர மும்பையில் என்ன பார்க்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பலர் கன்ஹேரி குகைகளைச் சொன்னீர்கள். போய்விட்டு வந்துவிட்டேன், அந்த யோசனைக்கு மனமார்ந்த நன்றி.

போரிவலி ஸ்டேஷனில் இறங்கினால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா பக்கம்தான். கன்ஹேரி குகைகள் அந்தப் பூங்காவின் காட்டுக்குள்ளே இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், எல்லாம் கருங்கல் பாறையைக் குடைந்து பௌத்தத் துறவிகளுக்காகச் செய்தவை. மூன்றாவது குகையின் பெரிய புத்தர் சிலைகளைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். என்னை நிறுத்தியது தண்ணீர் ஏற்பாடு. பாறை மேல் சின்ன வாய்க்கால் வெட்டி, மழைநீரைப் பல குகைகளின் வாசலில் உள்ள தொட்டிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சில தொட்டிகளில் இன்னும் தண்ணீர் நிற்கிறது! குனிந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, அதையும் கவனியுங்கள்.

அப்புறம் மலபார் ஹில்லில் பாண்கங்கா குளம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, குளத்தில் ஊறுவது நல்ல தண்ணீர். சுற்றிலும் படிக்கட்டு, கல் தீபத்தூண்கள், சின்னச் சின்னக் கோயில்கள். சாயங்காலம் போவதுதான் சரி.

கிர்காவ் பகுதியில் கோட்டாச்சிவாடி என்ற பழைய குடியிருப்பின் மரவீடுகளும் அழகு. ஆனால் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டாம்.

சிவ்ரி கடலோரச் சேற்றுநிலத்துக்கு வரும் பூநாரைகளை இந்த முறை பார்க்கவில்லை. குளிர்காலத்தில் போனவர்கள் யாராவது இருந்தால், எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள்.