புதுப்பிப்பு: மேற்கு வேலியோர லோமாண்ட்ரா

மெல்பர்ன் வீட்டு மேற்கு வேலியோரம் களிமண், பிற்பகல் முழுக்கச் சுட்டெரிக்கும் வெயில். லோமாண்ட்ரா என்ற புல் போன்ற ஆஸ்திரேலியச் செடி அங்கே தாங்குமா என்று நடும் முன் இங்கே கேட்டிருந்தேன். தாங்கிவிட்டது, அதுவும் எவ்வளவு அழகாக!

நான் வைத்தது மெல்லிய இலை கொண்ட 'தனிகா' ரகம். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை வேர்வரை இறங்கத் தண்ணீர் விட்டு, மரச்செதில் மூடாக்கு போட்டேன். இந்தக் கோடையில் குழாயைத் திறக்கவே இல்லை. பக்கத்துப் புல்தரை காய்ந்து கிடக்க, இது பச்சைப்பசேல். பார்க்கத்தான் புல், குடும்பமோ தண்ணீர்விட்டான் கிழங்கினுடையது.

வசந்தத்தில் இலைகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் பூக்கதிர் வருகிறது, நல்ல வாசனை. தொடும்போது கவனம், கதிரில் முள் உண்டு. ஆண் செடி, பெண் செடி தனித்தனி; விதை வேண்டுவோர் இரண்டும் வைக்க வேண்டும்.

வெட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வருடாவருடம் தேவையில்லை. கையுறை போட்டுக் காய்ந்த இலைகளைக் கோதி எடுத்தாலே போதும். ரொம்பச் சோர்ந்துவிட்டால் குளிர்காலக் கடைசியில் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், துளிர்க்கும். களிமண்காரர்கள் மேடு கட்டி நடுங்கள்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.