இழை: 'டானிஷ்டா'வுக்குத் தமிழில் என்ன?

(சென்னை) அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் ஷோன் லெமாஸ் பற்றிய கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் டப்ளின் அஞ்சலகத்துக்குள் இருந்த பதினாறு வயதுப் பையன், 1932இல் தொழில் வணிக அமைச்சரானார். உலகப்போர்க் காலத்தில் வழங்கல் துறை. தேயிலையும் பெட்ரோலும் பங்கீட்டில் போனது அப்போதுதான். 'வழங்கல்' நமக்கு ரேஷன் கடையில் பழகிய சொல், அதில் சிரமமில்லை. 1945 தொடங்கி மூன்று முறை, பிரதமருக்கு அடுத்த பதவியான 'டானிஷ்டா'வாக இருந்தாரே, அதில்தான் நிற்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அங்கே இந்த ஐரிஷ் சொல்லைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். துணைப் பிரதமர் போதுமா?

(மதுரை) போதாது தம்பி. 'இளங்கோ' என்று போடுங்கள். அயர்லாந்தின் பழைய கேலிக் (Gaelic) குலங்களில் தலைவர் இருக்கும்போதே அடுத்தவரைத் தேர்ந்து வைப்பார்கள், அவர்தான் டானிஷ்டா. நம் 'தானை'யும் இதில் ஒலிக்கிறது. படை, படைக்கு உரியவன், அவனுக்கு அடுத்தவன் என்று பொருள் விரிந்திருக்கலாம். 'தானையர்' என்றாலும் எனக்குச் சம்மதமே.

(யாழ்ப்பாணம்) ஐயா, ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. பழைய ஐரிஷில் அதற்கு 'இரண்டாவது' என்றுதான் பொருள். இளங்கோ என்றால் பட்டம் அவருக்கே என்றாகிவிடும். லெமாஸுக்கு 1959இல் பிரதமர் டி வலேராவின் நாற்காலி கிடைத்தது உண்மை. ஆனால் 1966இல் லெமாஸ் விலகியபோது டானிஷ்டாவாக இருந்தவர் ஃபிராங்க் ஐக்கன். பிரதமரானவரோ நிதியமைச்சர் ஜாக் லிஞ்ச். 1948இல் கூட்டணி ஆட்சி வந்தபோது அந்தப் பதவி தொழிற்கட்சித் தலைவர் நார்ட்டனுக்குப் போனது. அவர் யாருக்கு வாரிசு? எங்கள் பக்கத்துப் 'பதில் பிரதமர்' என்பதும் சரிவராது. பிரதமர் ஊரில் இல்லாத நாட்களுக்கு மட்டும் உரியது அது.

(கோவை) எதுவானாலும் 'ஷ்டா' வேண்டாம். வடவெழுத்து ஒரீஇ எழுதுவதுதானே நம் மரபு? 'தானிட்டர்' என்று எழுதலாம், சொல்லவும் எளிது.

(திருச்சி) எளிதுதான், யாருக்குப் புரியும் அம்மா? பள்ளி மாணவர் இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது பக்கத்தில் நாம் நிற்கமாட்டோம். துணைப் பிரதமர் என்றால் ஒரே வாசிப்பில் விளங்கும்.

(யாழ்ப்பாணம்) ஒன்று மட்டும். இந்திய அரசியல் சட்டத்தில் துணைப் பிரதமர் என்ற பதவியே கிடையாது. டானிஷ்டாவோ 1937ஆம் ஆண்டு அயர்லாந்து அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டது. பிரதமர் இறந்தால் புதியவர் வரும்வரை அதிகாரம் அவர் கையில். அந்தக் கனம் நம் சொல்லில் இல்லை.

(சென்னை) அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் முதல் இடத்தில் 'டானிஷ்டா (துணைப் பிரதமர்)', பிறகு துணைப் பிரதமர் என்றே போடுகிறேன். பெரும்பாலோர் அதற்கு இசைந்தீர்கள்.

(கோவை) நான் இசையவில்லை. 'டீஷக்'கைப் பிரதமர் என்று முழுக்கத் தமிழாக்கிவிட்டு, அவருக்கு அடுத்தவரை மட்டும் ஐரிஷிலும் வைத்திருப்பது என்ன முறை? இரண்டையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.