புள்ளி மேகத்தில் கம்ப எண்ணை ஏற்றுவது எப்படி?

கம்பக்காரன்: தெருவிளக்குக் கம்பங்களை லேசர் ஸ்கேன் செய்த லாஸ் கோப்பு (புள்ளி மேகம், அதாவது முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பு) இருக்கிறது. கம்ப எண், பொருள் (கம்பம் எதனால் ஆனது), நிலை எல்லாம் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் தனி அடுக்கில். ஒவ்வொரு புள்ளியிலும் இவை ஏற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் என்ன வகை என்று குறிக்கும் வகைப்பாட்டுப் புலத்தில் எண்ணைத் திணித்துப் பார்த்தேன், 255-க்கு மேல் போகவில்லை.

மேப்பு: அது 8 பிட் புலம், அவ்வளவுதான் கொள்ளும். தரை, கட்டடம் போன்ற வகைக்கு அதை விட்டுவிடுங்கள். கம்பத்தைச் சுற்றி 30 செ.மீ. பஃபர் (சுற்றெல்லை) போட்டு, புள்ளி மேகங்களைக் கையாளும் பிடால் மென்பொருளின் ஓவர்லே வடிகட்டியால், எல்லைக்குள் விழும் புள்ளிகளுக்கு எண்ணைப் புதுப் புலத்தில் ஏற்றுங்கள். கோப்பை எழுதும்போது, கூடுதல் புலங்களையும் சேமிக்கச் சொல்லும் எக்ஸ்ட்ரா டிம்ஸ் அமைப்பில் 'ஆல்' என்று கொடுங்கள். நான் மறந்து ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் திறந்தால் புலமே இல்லை!

கம்பக்காரன்: பொருளின் பெயரையும் புள்ளியில் ஏற்றலாமா?

மேப்பு: எழுத்து வேண்டாம். எண் மட்டும் புள்ளியில், மற்றதெல்லாம் அட்டவணையில்.

புள்ளிராசா: ஒன்று கவனியுங்கள், ஓவர்லே உயரம் பார்க்காது. கம்பத்துக்கு மேலே கவிந்த வேப்பங்கிளைக்கும் அதே எண் விழும். முதலில் மரத்தை வகைப்படுத்திப் பிரியுங்கள்.

கம்பக்காரன்: சரியாகச் சொன்னீர்கள், 41-ஆம் கம்பத்துக்கு இலை முளைத்திருக்கிறது.