வேன் ஃபிரிட்ஜுக்கு பேட்டரியா கேஸா?

பினாங்கு வேன்காரன்:
அண்ணே, பழைய வேன் ஒண்ண உள்ளயே தங்குற கேம்பரா மாத்திக்கிட்டிருக்கேன், பட்டர்வொர்த்ல ஒருத்தரு கேஸ் எரிச்சு ஓடுற ஃபிரிட்ஜ் மலிவா தர்றேங்கிறாரு, வாங்கலாமா இல்ல பேட்டரில ஓடுற 12 வோல்ட் ஃபிரிட்ஜே போதுமா? வாரக்கடைசி கேமரன் மலை, அவ்ளோதான்.

கேஎல் அண்ணன்:
வாங்காத தம்பி. நம்மூரு வெக்கைல அது திணறும், வேன் சாஞ்சு நின்னா சரியா குளிராது, மலையில சமதரைக்கு எங்க போவ? 12 வோல்ட் கம்ப்ரஸர் ஓடுறப்ப 45 வாட் இழுக்குதுன்னு வை, பாதி நேரம் ஓடுனா ஒரு நாளைக்கு 540 வாட்-அவர், 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரில 1280 வாட்-அவர் இருக்கு, ரெண்டு நாள் தாங்கும்லா.

டாப்பா:
ஒரே எடத்துல வாரக்கணக்கா கெடந்தா கேஸ் நல்லதுதான், சத்தமே வராது. ஆனா பொகை வெளிய போக வழி வைக்காம எரிச்சா கார்பன் மோனாக்சைடு, வாசனையே தெரியாது, தூக்கத்துலயே ஆள் காலி.

பினாங்கு வேன்காரன்:
ஐயோ, வேணாம்ணே. சோலார் எத்தன வாட்?

கேஎல் அண்ணன்:
200 போடு. மழைன்னா வண்டி ஓடுறப்பவே சார்ஜ் ஏத்திக்க.