புதுப்பிப்பு: ஞாயிறு பதினொரு மணிப் பசிக்கு எங்கே போனோம்

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவையும், பத்து மணிக்கு முன்னால் எழாத தம்பியையும் சென்னையில் வார இறுதியில் டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எங்கே கூட்டிப் போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

சனிக்கிழமை ஒரு நட்சத்திர ஓட்டல் பஃபே. பெயர் வேண்டாம். அம்மா சாப்பிட்டது இரண்டு துண்டு தர்ப்பூசணியும் ஆறிப்போன ஒரு தோசையும். பில்லைப் பார்த்த அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஊரில் காட்டவாம்.

மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸைப் பலர் சொன்னீர்கள். கெட்டிச் சட்னிக்காகவே போகலாம்தான். ஆனால் சின்ன இடம், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். தம்பியை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா?

கடைசியில் ஞாயிறு திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948 முதல் இருக்கிற கடை. சாம்பார் இட்லிதான் விசேஷம். பரிமாறுபவர் ஜக்கோடு வந்து இட்லி முங்கும் வரை ஊற்றினார். ஊறிய இட்லியை ஸ்பூனால் பிட்டதும் தட்டில் சாம்பார் காணவில்லை. கேட்காமலே மறுபடி ஊற்றினார். அப்பா மூன்று முறை தலையாட்டினார். அப்புறம் ஒரு டிகிரி காபி. நாலு பேருக்கும் சேர்த்து, முதல் நாள் ஒரு தட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

காரில் மட்டும் போகாதீர்கள், நிறுத்த இடமில்லை. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும்.